ஜாக்கெட் போட ஒரு போராட்டம்

பண்டிகை நெருங்கினால் நம் குடியிருப்பில் எல்லா பிளாக்கிலும் ஒரே புலம்பல்தான்: "டெய்லர் இன்னும் ஜாக்கெட் தைத்துத் தரவில்லை!" இந்தச் சின்ன உடுப்புக்காக நம் மாநிலத்தின் தென்கோடியில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் போராட்டம் நடந்திருக்கிறது.

ஜாக்கெட் என்பது ஆங்கிலச் சொல். 1790களில் இங்கிலாந்தில் இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும் குட்டைக் கோட்டு ஒன்று வந்தது. ஸ்பென்சர் பிரபுவின் பெயரால் அதை 'ஸ்பென்சர்' என்றார்கள். பெண்களும் கவுனுக்கு மேல் அதை விரும்பி அணிந்தார்கள். அங்கே அது ஃபேஷன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே நாடார் உள்ளிட்ட பல சமூகப் பெண்கள் இடுப்புக்கு மேல் துணி போடக்கூடாது. மேல்சாதியாருக்குக் காட்டும் மரியாதை என்று அதற்குப் பெயர். நம் கொங்குப் பக்கத்திலும் அந்தக் காலப் பாட்டிகள் பலர் ரவிக்கை போட்டதில்லை. ஆனால் இங்கே அது பழக்கம், அங்கே கட்டளை.

கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் வந்தபின், மதம் மாறிய நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ, அவர்கள் 'குப்பாயம்' என்ற தளர்வான சட்டையை அணிய அனுமதித்தார். நாகர்கோவில் மிஷனைச் சேர்ந்த திருமதி மால்ட் குட்டைக் கை வைத்த ஜாக்கெட் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார்.

ஆனால் பெண்கள் கேட்டது அது மட்டுமல்ல. மேல்சாதிப் பெண்கள் போலத் தோளில் சீலையும் போட விரும்பினார்கள். 1822-லிருந்து கலவரம் மூண்டது. சந்தையிலும் தெருவிலும் பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள். பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் தீ வைத்தார்கள். 1829-ல் வந்த அரசாணை, ஜாக்கெட் போடலாம், தோள்சீலை கூடாது என்றது. பெண்கள் விடவில்லை. 1858-ல் மீண்டும் கலவரம். சென்னை ஆளுநர் டிரெவெல்யன் நெருக்கடி கொடுக்க, 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் புதிய ஆணை பிறப்பித்தார். நாடார் பெண்கள் எல்லோரும் ஜாக்கெட் போடலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி மட்டும் உடுத்தக்கூடாது!

யோசித்துப் பாருங்கள். அன்று ஜாக்கெட்டை அனுமதித்ததே வித்தியாசம் தெரியட்டும் என்பதற்காகத்தான். பார்த்தவுடன் சாதி தெரிய வேண்டும். இன்று அதே ஜாக்கெட்டை வைத்து யார் எந்தச் சாதி என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆணை தோற்றது அங்கேதான்.

துணியும் தையலும் நம் ஊருக்குச் சோறு போடுகிறது. விடுமுறைக்குக் கன்னியாகுமரி போகிறவர்கள், வழியில் பிள்ளைகளுக்கு இந்தத் தோள்சீலைப் போராட்டத்தையும் சொல்லிக்கொண்டே போங்கள்.