தமிழ்நாட்டில் குழந்தைத் தடுப்பூசி: பாதுகாப்பும் தொலைவும்

தடுப்பூசி பயன்தர இரண்டு நிபந்தனைகள் உண்டு. அதைப் பிழையின்றிப் போட வேண்டும். அது ஒவ்வொரு குழந்தையையும் சென்றடைய வேண்டும். தமிழ்நாட்டில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிய ஆண்டு 2008.

தொடக்கம்

அம்மை குத்தும் முறை 1802-இல் இந்தியாவுக்கு வந்தது. சென்னை மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரிக்க 1899-இல் கிண்டியில் கிங் நிலையம் நிறுவப்பட்டது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948-இல் கிண்டியிலேயே அமைந்தது. ஊர் ஊராகச் சென்று அம்மை குத்தியவர்களின் உழைப்பால், 1977-இல் இந்தியா பெரியம்மை ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-இல் தொடங்கியது. 'அனைவருக்கும்' என்ற சொல்லைக் கிராமங்களில் மெய்யாக்கியவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஐஸ் பெட்டியுடன் அவர் ஊருக்கே வந்து ஊசி போட்டார்.

2008-ஆம் ஆண்டின் துயரம்

அவ்வாண்டு ஏப்ரலில், திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட 4 குழந்தைகள் இறந்தன. இதையடுத்து, ஊர்களுக்குச் சென்று ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டுமே போட வேண்டும் என்ற நிலை வந்தது.

நோக்கம் பாதுகாப்பே. ஆனால் புதுக்கோட்டை போலச் சிற்றூர்கள் விலகிக் கிடக்கும் மாவட்டங்களில், சுகாதார நிலையம் செல்வது என்பது கூலி வேலை செய்யும் தாய்க்கு ஒரு நாள் வருமான இழப்பு. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் எல்லாத் தடுப்பூசிகளும் பெற்றோர் 2005-06-இல் 80.9 விழுக்காடு, 2015-16-இல் 69.7 விழுக்காடு. இச்சரிவுக்கு இந்த மாற்றம் ஒன்றே காரணம் என்று சொல்ல இயலாது. எனினும் தொலைவும் ஒரு தடை என்பதை மறுக்க முடியாது.

செவிலியர் கையில் உள்ள பாதுகாப்பு

தட்டம்மைத் தடுப்பு மருந்து உலர்ந்த தூளாகக் குப்பியில் வரும். அதற்கென அதே நிறுவனம் அனுப்பும் கரைப்பானை மட்டுமே கலக்க வேண்டும். கலந்த மருந்தில் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் இல்லை. எனவே 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிஞ்சியதைக் கழித்துவிட வேண்டும். பி.சி.ஜி.க்கும் இதே விதி. மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைப்பது, ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சையே எடுப்பது, ஊசிக்குப் பின் அரை மணி நேரம் குழந்தையைக் கண்காணிப்பது, கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் மருந்தை ஆயத்தமாக வைப்பது ஆகியவையும் கட்டாயம்.

ஊசி போடும் இடமும் முறையும் மருந்துக்கு மருந்து மாறும். பி.சி.ஜி. இடது மேற்கையில் தோலுக்குள். 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலண்ட் தொடைத் தசையில். 9-ஆம் மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா வலது மேற்கையில் தோலுக்கு அடியில். போலியோ சொட்டு மருந்து வாய்வழி இரண்டு துளி.

மீட்சி

2019-21 ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 89.2 விழுக்காடாக உயர்ந்தது. இன்று கிராமங்களிலும் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. இவ்வரலாறு தரும் பாடம் தெளிவானது. ஒரு தவறைத் தடுக்கும் வழி ஊசியைத் தொலைவில் வைப்பதன்று. போடும் கையைப் பயிற்றுவித்து, அதை ஊருக்கு அனுப்புவதே.