பிள்ளையின் பெயரும் ஓர் அமானிதம்: அடையாளத் திருட்டைத் தடுப்பதும் தீர்ப்பதும்

சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பணம். 2023-இல் மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் 1,572 கல்வி நிலையங்களைச் சரிபார்த்தபோது, அவற்றில் 830 போலியானவை, பாதி போலியானவை அல்லது செயல்படாதவை என்று தெரியவந்தது. 2017-18 முதல் 2021-22 வரை ஏற்பட்ட இழப்பு 144 கோடி ரூபாய்க்கு மேல். வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்றது.

அதற்கு முன்பே, 2020-இல் ஜார்க்கண்டில் இதே மோசடி பத்திரிகைப் புலனாய்வு மூலம் வெளியே வந்தது. அங்கே இடைத்தரகர்கள் ஏழைக் குடும்பங்களிடம் ஆதாரையும் கைரேகையையும் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகளை விடுதி மாணவர்களாகக் காட்டினார்கள். காரணம் எளிது. அப்போது ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை வீட்டிலிருந்து வரும் மாணவருக்கு ஆண்டுக்கு 5,700 ரூபாய் வழங்கப்பட்டது. விடுதி மாணவருக்கு 10,700 ரூபாய் வழங்கப்பட்டது.

இந்த மோசடிக்குத் தேவைப்பட்ட மூலதனம் ஒரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், பெருவிரல் ரேகை. அவ்வளவுதான். இவற்றை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் வேதனை.

ஏன் பிள்ளைகளைக் குறிவைக்கிறார்கள்?

பெரியவர்களின் பெயரில் ஒரு கடன் ஏறினால் சில மாதங்களில் தெரிந்துவிடும். பிள்ளைகளின் பெயரை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கல்விக் கடனுக்கோ முதல் வேலைக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் பழைய முறைகேடு வெளியே வரும். அதற்குள் பத்தாண்டுகள் கடந்திருக்கலாம். பருவ வயதை அடையும் முன்பே வட்டிக் கடன் ஒன்று தன் பெயரில் நிற்பதை ஒரு பிள்ளை காண நேர்ந்தால், அதற்கு யார் பொறுப்பு?

தடுக்கும் வழிகள்

1. கைரேகையைப் பூட்டி வையுங்கள். 5 வயதுக்குட்பட்டோரின் நீலநிற ஆதாரில் கைரேகையும் கருவிழிப் பதிவும் இருக்காது. 5 வயதிலும் 15 வயதிலும் அவற்றைப் பதிவது கட்டாயம். 5 முதல் 7 வயது வரையும், 15 முதல் 17 வயது வரையும் இது இலவசம். பிள்ளையின் ஆதாரில் உங்கள் கைபேசி எண்ணை இணைத்துவிட்டால், மைஆதார் தளத்தில் நுழைந்து இந்தப் பதிவுகளைப் பூட்டலாம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

2. பயன்பாட்டு வரலாற்றைப் பாருங்கள். கடந்த ஆறு மாதங்களில் அந்த ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்பது அதே தளத்தில் தெரியும். எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்துள்ளது என்பதையும் அங்கேயே பார்க்கலாம். அரசின் உதவித்தொகை அந்தக் கணக்குக்குத்தான் போகும். நாம் தொடங்காத வங்கியின் பெயர் அங்கே இருந்தால் உடனே விசாரிக்க வேண்டும்.

3. முழு எண்ணைக் கொடுக்காதீர்கள். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை மைஆதார் தளத்தில் பதிவிறக்கலாம். பல இடங்களில் அதுவே போதும்.

4. ஜெராக்ஸின் மேல் எழுதுங்கள். எந்தப் பள்ளிக்கு, எந்த உதவித்தொகைக்கு, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது கடினம். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால், அந்தக் கணினியிலிருந்து ஆவணங்களை அழிக்கச் சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

5. வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பாதீர்கள். உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி ஆதார் படம் கேட்கும் செய்திகள் மஹல்லா குழுக்களிலும் சுற்றுகின்றன. யார் கேட்கிறார், எந்த அலுவலகம் என்று தெரியாமல் எதையும் அனுப்ப வேண்டாம்.

6. வளர்ந்த பிள்ளைகளிடம் பேசுங்கள். கமிஷன் தருகிறோம், வங்கிக் கணக்கை மட்டும் கொடு என்று மாணவர்களை வளைக்கும் கும்பல்கள் உண்டு. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால், போலீஸ் முதலில் வருவது பிள்ளையைத் தேடித்தான்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தீம் பிள்ளைகள், விதவைத் தாய்மார்களின் ஆவணங்கள்தான் அதிகமாகக் கைமாறுகின்றன. யாரிடமிருந்து எதை வாங்கினோம், எப்போது திருப்பிக் கொடுத்தோம் என்று ஒரு பதிவேடு வைத்தால் பாதிக் கவலை தீரும்.

நடந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் பதறாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி பெற்றவர் அல்லர். அவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே, பிள்ளையின் பெயரில் கடன் இருப்பதாக யாராவது மிரட்டினால், பயந்துபோய் ஒரு தவணைகூடக் கட்ட வேண்டாம். கட்டுவதாக எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழே உங்கள் முதல் ஆதாரம்.

பிறகு இந்த வரிசையில் செயல்படுங்கள்:

• வந்த குறுஞ்செய்தி, கடிதம், திரைப்படம் எதையும் அழிக்காமல் தேதி வாரியாகச் சேமியுங்கள்.

• கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்து, ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

• காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கானது. மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

• ஆதார் தொடர்பான சந்தேகங்களுக்கு 1947 என்ற எண்ணை அழைக்கலாம். கைரேகைப் பதிவை அன்றே பூட்டிவிடுங்கள்.

• வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ பிறப்புச் சான்றிதழ் நகலுடன் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உதவி எண் 14448.

• கடன் விவரங்களைப் பதிவு செய்யும் சிபில் போன்ற நிறுவனங்களிடமும் திருத்தம் கோருங்கள். புகாரைத் தீர்க்க 30 நாட்களுக்கு மேல் ஆனால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

• உதவித்தொகை மோசடி என்றால், பள்ளித் தலைமையாசிரியருக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள்.

செய்தவர் உறவினராக இருந்தால்?

பிள்ளையின் ஆவணங்கள் எளிதில் கிடைப்பது பழகியவர்களுக்குத்தான். மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, சில நேரங்களில் தந்தையோகூட அவசரத்துக்காகப் பிள்ளையின் பெயரைப் பயன்படுத்தியிருக்கலாம். குடும்ப மானம் கருதி மறைத்துவிடவே மனம் சொல்லும். ஆனால், பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்கும்படி குர்ஆன் (4:135) கட்டளையிடுகிறது. குடும்பப் பெரியவர்கள் முன்னிலையில் கேட்டுத் தீர்க்க முடிந்தால் நல்லது. அப்போதும் பிள்ளையின் பெயரிலுள்ள பதிவு முழுமையாக நீக்கப்பட்டதற்கான எழுத்துச் சான்று கையில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் முடிப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

ஒப்படைக்கும் நாள்

அநாதைகளின் சொத்தைப் பொறுப்பேற்றிருப்பவர், அவர்கள் பக்குவம் அடைந்ததும் சாட்சிகளை வைத்து ஒப்படைக்க வேண்டும் என்று குர்ஆன் (4:6) வழிகாட்டுகிறது. நம் பிள்ளைகளின் பெயரும் நம்மிடம் அப்படித்தான் இருக்கிறது.

18 வயது நிறையும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி, ஆதார், பான், வங்கிக் கணக்கு, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கையில் கொடுங்கள். ஆண்டுக்கொரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையைப் பிள்ளையையே எடுக்கச் சொல்லுங்கள். அதில் நம் பிள்ளை அறியாத ஒரு வரிகூட இல்லை என்றால், அமானிதத்தைப் பழுதின்றி ஒப்படைத்தவர்களாக நாம் நிம்மதி அடையலாம், இன்ஷா அல்லாஹ்.