சிரிப்பு வாயுவும் கொடுங்கையூர்த் தொட்டிகளும்



ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசும் காலை வேளைகளில், கொடுங்கையூரின் வாடை இராயபுரத்திலிருந்த எங்கள் வகுப்பறை வரை வந்ததுண்டு. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நானோ கரும்பலகையில், அம்மோனியம் நைட்ரேட்டைச் சூடாக்கினால் நைட்ரஸ் ஆக்ஸைடு, அதாவது சிரிப்பு வாயு, கிடைக்கும் என்று எழுதிக்கொண்டிருப்பேன். அதே வாயு, அந்த வாடை வந்த திசையிலேயே, எவரும் சூடாக்காமல் உண்டாகிக்கொண்டிருந்தது என்பதை ஓய்வு பெற்ற பின்னரே படித்தறிந்தேன். இத்தனை ஆண்டுகள் பாதிப் பாடத்தையே நடத்தியிருக்கிறேன்!

1772-இல் பிரீஸ்ட்லி கண்டறிந்த இவ்வாயுவை 1799-இல் ஹம்ப்ரி டேவி தாமே முகர்ந்து பார்த்துச் சிரித்த கதையை நீங்கள் அறிவீர்கள். கழிவுநீரின் கதை அவ்வளவு தெரிந்ததன்று. 1914-இல் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் கழிவுநீருக்குள் காற்றை ஊதினர். அதிலிருந்த அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற ஐந்து வாரங்கள் பிடித்தன. தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை மட்டும் எறியாமல் வைத்து, மீண்டும் கழிவுநீர் ஊற்றி ஊதினர். திரும்பத் திரும்பச் செய்யவே, வாரக் கணக்கு மணிக் கணக்காகச் சுருங்கியது. பாலுக்கு உறை ஊற்ற மோரை எடுத்து வைக்கும் நம் தாய்மார்களுக்கு இது புதுமையன்று. சேற்றிலே பாக்டீரியாக்கள் பெருகியிருந்தன. இவ்விருவருக்கும் வழிகாட்டியாயிருந்த கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அம்முறையே பின்னாளில் கொடுங்கையூர்த் தொட்டிகளிலும் கையாளப்பட்டது.

தொட்டியில் ஒரு வகைப் பாக்டீரியா பிராணவாயுவைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. பிராணவாயு இல்லாத இடத்தில் மற்றும் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைப் படிப்படியாகச் சிதைத்து, நைட்ரஜனாக வானுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அப்படிகளில் கடைசிக்கு முந்தியது நைட்ரஸ் ஆக்ஸைடு. இடையே பிராணவாயு புகுந்தாலோ, அவற்றுக்கு உணவான கரிமப்பொருள் குறைந்தாலோ, வேலை அந்தப் படியிலேயே நின்றுவிடும். முதல் வகைப் பாக்டீரியாவும் காற்றுப் போதாவிடில் இதே வாயுவை உமிழும். காற்றூதும் பொறிகளுக்கு மின்சாரச் செலவு மிகுதி. அதைச் சிக்கனப்படுத்தக் காற்றை அளவின்றிக் குறைத்தால் மிச்சப்பட்டதற்கு மேல் கேடு விளையக்கூடும்.

கேடு என்பதேன்? நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, இது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 273 மடங்கு வெப்பத்தைத் தேக்குகிறது. ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. மைசூரில் பயின்ற ரவிசங்கரா என்னும் வேதியியலறிஞரும் அவருடைய தோழர்களும் இதை 2009-இல் வலியுறுத்தினர். கழிவுநீரில் வரும் நைட்ரஜனில் 1.6 விழுக்காடு இவ்வாயுவாகப் போவதாகக் கொள்ளலாம் என உலக நாடுகளின் பருவநிலைக் குழு 2019-இல் வகுத்தது. அது பொதுக் கணக்கு. நிலையத்துக்கு நிலையம் பெரிதும் மாறும்.

இனி மணலியைப் பாருங்கள். அங்கே 1971 முதல் உரத் தொழிற்சாலை காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாகவும் யூரியாவாகவும் மாற்றி வந்திருக்கிறது. உரம் வயலுக்கு, நெல் வீட்டுக்கு, சோறு நமக்கு. மீதி சாக்கடை வழியே கொடுங்கையூருக்கு. கொடுங்கையூரில் சுத்திகரித்த நீர் 1990-களிலிருந்தே மணலித் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. 2019-இல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மேலும் தூய்மைப்படுத்தி அனுப்பும் நிலையமும் திறக்கப்பட்டது. நீர் குழாய் வழியே மணலிக்குத் திரும்புகிறது. சிரிப்பு வாயுவோ தொட்டியின் மேற்பரப்பிலிருந்து எழுந்து, நூறாண்டுக்கு மேல் வானிலேயே தங்கிவிடுகிறது.