மாருதி 800: தலைமுறைகளும் தீராத வழக்கும்

மாருதி 800, ஹரியாணாவின் குர்கான் ஆலையில் 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை தயாரான சிறிய ஹேட்ச்பேக் கார். தமிழ்நாட்டில் 'எண்ணூறு' என்றாலே இதுதான். மொத்தம் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. அவற்றில் 26 லட்சத்துக்கும் அதிகமானவை உள்நாட்டிலேயே விற்றன. 2004 வரை இந்தியாவில் மிக அதிகமாக விற்ற கார் இது. அந்த ஆண்டு அந்த இடத்தை இதே நிறுவனத்தின் ஆல்டோ பிடித்தது.

நிறுவனத்தின் கணக்கில் இதற்கு இரண்டே தலைமுறைகள்: எஸ்எஸ்80 (1983–86), எஸ்பி308 (1986–2014). ஆர்வலர்களின் கணக்கு அப்படி இல்லை. பழைய மாடல், கார்புரேட்டர் வண்டி, ஃபைவ் கியர், எம்பிஎஃப்ஐ என்று குறைந்தது நான்காகப் பிரித்து, எது சிறந்தது என்று நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். சென்னையில் இந்த வாதம் போகும் போக்கும் விருதுநகர், சிவகாசிப் பக்கம் போகும் போக்கும் ஒன்றல்ல. அதற்குச் சட்டம் சார்ந்த ஒரு காரணம் உண்டு; அது கீழே தனியே விளக்கப்படுகிறது.

தொடக்கம் (1971–1983)

இக்காரின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது தொடக்கக் காலமே. நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய இருவர், வி. கிருஷ்ணமூர்த்தியும் ஆர்.சி. பார்கவாவும், தங்கள் அனுபவங்களை நூல்களாக எழுதியிருப்பது அதற்கு முக்கியக் காரணம்.

சஞ்சய் காந்தியின் முயற்சியால் 1971-இல் தொடங்கிய மாருதி லிமிடெட் மக்கள் காரைச் சந்தைக்குக் கொண்டுவராமலே நொடித்தது. 1980 ஜூனில் விமான விபத்தில் அவர் இறந்தபின், அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு அதன் சொத்துகளைக் கையகப்படுத்தியது. 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் என்ற பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. அதை நடத்த அழைக்கப்பட்டவர் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கருவேலி என்ற சிற்றூரில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. அதற்கு முன் பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். இந்தியாவின் முதல் நவீனச் சிறு காரை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஒரு தமிழர் என்பது தமிழ்நாட்டு ஆர்வலர்களிடம்கூட அதிகம் பேசப்படாத செய்தி. 2022 ஜூனில் அவர் சென்னையில் காலமானார்.

தொழில்நுட்பக் கூட்டாளியைத் தேடி பிரான்சின் ரெனால்ட் உள்ளிட்ட பல நிறுவனங்களுடன் பேச்சு நடந்தது. இறுதியில் தேர்வானது ஜப்பானின் சுசுகி. கார் உலகில் அன்று அது பெரிய பெயர் அல்ல. 1979-இல் 4,70,000 யென் விலைக்கு அறிமுகப்படுத்திய ஆல்டோ கார் அதன் பெரிய வெற்றி. 1982 அக்டோபர் 2 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. சுசுகியின் பங்கு 26 விழுக்காடு.

முன்பதிவு 1983-இல் திறந்தது. முன்பணம் 10,000 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 40,000 கார்களே விற்ற நாட்டில், இரண்டு மாதத்தில் பணம் கட்டியவர்கள் 1,20,000 பேர் என்று ஒரு கணக்கும் 1,35,000 பேர் என்று மற்றொரு கணக்கும் சொல்கின்றன. இரண்டில் எதை எடுத்தாலும், நாட்டின் மூன்றாண்டு விற்பனைக்குச் சமமான கூட்டம் அது.

முதல் கார் 1983 டிசம்பர் 14 அன்று கைமாறியது. அது சஞ்சய் காந்தியின் பிறந்தநாள். சாவியைக் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. பெற்றவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். டிஐஏ 6479 என்ற அந்த வெள்ளைக் காரை அவர் 2010-இல் இறக்கும்வரை விற்கவில்லை. பின்னாளில் நிறுவனமே அதைச் சீரமைத்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. விலை பற்றிய குறிப்புகள் ஒத்துப்போகவில்லை. 47,500 ரூபாய் என்பவர்களும் உண்டு, 52,500 என்பவர்களும் உண்டு. வரியும் பதிவுச் செலவும் சேர்ந்ததா இல்லையா என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கக்கூடும்.

முதல் தலைமுறை: எஸ்எஸ்80 (1983–1986)

ஜப்பானில் ஃப்ரான்டே, ஆல்டோ என்ற பெயர்களில் விற்ற காரின் ஏற்றுமதி வடிவமே எஸ்எஸ்80. சொந்த நாட்டில் அதற்கு 550 சிசிக்கு உட்பட்ட எஞ்சின். வெளிநாடுகளுக்கு 796 சிசி, மூன்று சிலிண்டர் கொண்ட எஃப்8பி எஞ்சின். இந்தியாவுக்கு வந்தது பின்னதே. தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து உதிரிகளாக வந்த வண்டிகள் குர்கானில் கோக்கப்பட்டன.

அம்பாசிடரும் பத்மினியும் ஓட்டிப் பழகிய கைக்கு இது புது அனுபவம். ஸ்டீயரிங்கை ஒட்டியிருந்த கியர் தரைக்கு வந்தது. இழுவை முன்சக்கரத்துக்கு மாறியது. தனிச் சட்டகம் இல்லாத, சப்பையான கோடுகளும் கூரிய மூலைகளும் கொண்ட உடல். கிளட்சை மிதிக்கக் கால் வலிக்கவில்லை. காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தக் கால ஓட்டுநர்கள் பலர் வேகத்தைவிட இந்த இரண்டையும்தான் முதலில் சொல்வார்கள்.

இந்தத் தலைமுறை சாலையில் புதிதாக ஓடிய நாளில் விருதுநகர் மாவட்டமே கிடையாது. 1985 மார்ச் 15 அன்றுதான் பழைய ராமநாதபுரத்திலிருந்து அது பிரிந்தது. ஆகவே சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அப்போது பதிவான எஸ்எஸ்80 எதிலும் பின்னாளில் மாவட்டத்துக்கு வந்த டிஎன் 67 என்ற பதிவெண் தொடக்கம் இராது. மாவட்டக் குறியீட்டு எண்கள் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்துத் தகடுதான் இருக்கும். அந்தத் தகடு மாறாத வண்டிக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு.

எஸ்எஸ்80-ஐச் சிறந்தது என்பவர்களின் வாதம் இரண்டு: முதலில் வந்தது, பெரும்பாலும் ஜப்பானிய உதிரிகளால் ஆனது. இரண்டாவது வாதத்துக்கு உள்ளூரில் ஒரு கூடுதல் இனிப்பு உண்டு. நேரு சூட்டியதாகச் சொல்லப்படும் 'குட்டி ஜப்பான்' என்ற பட்டத்தை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் சிவகாசி. ஜப்பானிய உதிரிகள்தான் அந்த வண்டிகளை உழைக்க வைத்தனவா, அல்லது நன்றாகப் பேணப்பட்டவை மட்டுமே மிஞ்சியதால் அப்படித் தோன்றுகிறதா என்பதில் கருத்து ஒன்றில்லை.

இரண்டாம் தலைமுறை: எஸ்பி308 (1986–2014)

மூலைகள் உருண்ட, சக்கர இடைவெளி 2,150 மில்லிமீட்டரிலிருந்து 2,175 ஆக நீண்ட இந்த வடிவம் 1986-இல் வந்தது. ஜப்பானின் இரண்டாம் தலைமுறை ஆல்டோதான் இதற்கு மூலம். எஞ்சின் அதே எஃப்8பி. கியர் அதே நான்கு. எடை 650 கிலோ அளவே. எஞ்சினின் சக்தியை 37 குதிரைத்திறன் என்றும் 39.5 என்றும் வெவ்வேறாகக் குறிக்கிறார்கள். 1987-இல் ஹங்கேரிக்கு ஏற்றுமதி தொடங்கியது.

1997-இல் முகப்பு மாறியது. 2000-இல் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ முறையும், பன்னிரண்டு வால்வு, 45 குதிரைத்திறன், ஐந்து கியர் கொண்ட வடிவமும் வந்தன. ஐந்து கியர் வண்டி குறுகிய காலமே விற்பனையில் இருந்தது. அதே ஆண்டு அறிமுகமான ஆல்டோவின் விற்பனையைப் பாதிக்கும் என்பதால் நிறுத்தப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 2008-இல் எல்பிஜியிலும் ஓடும் டுயோ வந்தது.

எல்லை தாண்டியும் இந்த வடிவம் நீடித்தது. பாகிஸ்தானில் மெஹ்ரான் என்ற பெயரில் இதே உடல் 2019 வரை தயாரானது.

விவாதம்

மிக அதிக ஆதரவு 1986 முதல் 2000 வரையிலான கார்புரேட்டர் வண்டிக்கே. காரணம் எளிது. அதில் கணினி இல்லை. பிளக், பாயின்ட், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் ஜெட் என்று கண்ணால் பார்த்துக் கையால் கழற்றித் துடைத்து மாட்டக்கூடிய பாகங்கள்தான் எல்லாம். கம்பெனி சர்வீஸ் சென்டரை எதிர்பார்க்காமல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறப் பட்டறையிலேயே வேலை முடியும். 1984-இல் வந்து 2019 வரை தயாரான ஆம்னி வேனிலும் அடிப்படையில் இதே எஞ்சின் என்பதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சம் வரவில்லை. சிவகாசியிலிருந்து சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 20 கிலோமீட்டர் அளவு, விருதுநகர் 25 அளவு. இப்படிப்பட்ட குறுந்தொலைவு ஓட்டங்களே அன்றாடமான வட்டாரத்தில் நான்கு கியர் போதும் என்பது இவர்கள் கட்சி.

ஐந்து கியர் கட்சி இதை ஒப்புக்கொள்ளாது. அவர்கள் சுட்டுவது மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலையை. விருதுநகரையும் சாத்தூரையும் ஒட்டிச் செல்லும் அந்தச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் நான்கு கியர் வண்டியின் எஞ்சின் கத்தத் தொடங்கும். சித்திரை வெயிலில் ஏசியையும் போட்டால் ஏறக்குறைய 40 குதிரைத்திறனில் ஒரு பங்கு கம்ப்ரசருக்கே போய்விடும். முந்துவதற்கு முன் ஏசியை அணைப்பது அந்தக் காலத்து ஓட்டுநர்களின் பழக்கம். கூடுதல் வால்வுகளும் ஐந்தாம் கியரும் இந்த இரண்டு குறைகளையும் ஒருசேரத் தீர்த்தன என்பது அவர்கள் வாதம். கிடைப்பது அரிது என்பதும் அவ்வண்டியின் மதிப்பைக் கூட்டியிருக்கலாம்.

பிந்தைய எம்பிஎஃப்ஐ வண்டிக்குக் குரல் கொடுப்பவர்கள் குறைவு. ஆனால் அன்றாடம் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. சோக் இழுக்க வேண்டாம், மழைநாளிலும் ஸ்டார்ட்டிங் தொல்லை இல்லை, மைலேஜ் சீராக இருக்கும்.

எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளும் குறை ஒன்று உண்டு. எந்தத் தலைமுறையிலும் ஏர்பேக் கிடையாது, உடல் தகடு மெல்லியது. இன்றைய பாதுகாப்பு அளவுகோலில் எதுவும் தேறாது.

விதிகளும் மாவட்டமும்

இந்தியாவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் பல ஆண்டுகள் பெருநகரங்களில் முதலில் அமலாகி, மற்ற ஊர்களுக்குப் பிறகே வந்தன. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றியும் ஈயமற்ற பெட்ரோலும் கட்டாயமாயின. மற்ற ஊர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை; நாடு முழுவதும் ஈயம் விலகியது 2000-இல்தான். ஈயம் கலந்த பெட்ரோல் வினையூக்கியைக் கெடுத்துவிடும். ஆகவே 1996-இல் சென்னையில் வாங்கிய எண்ணூறும் விருதுநகரில் வாங்கிய எண்ணூறும் ஒரே வடிவில் இருந்தாலும் ஒரே சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. அடுத்து, பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதி டெல்லியில் 2000-இலும் சென்னையில் 2001-இலும் வந்தது. நாடு முழுமைக்கும் வர 2005 ஆயிற்று.

2010 ஏப்ரல் இதைவிட முக்கியமானது. சென்னை உட்பட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 அமலுக்கு வந்தது. பழைய எஞ்சினை அதற்கேற்ப மாற்றுவதில்லை என்று முடிவெடுத்த நிறுவனம் அந்நகரங்களில் 800 விற்பனையை நிறுத்தியது. மற்ற ஊர்களில் பாரத் ஸ்டேஜ் 3 போதுமானதாக இருந்ததால் விற்பனை தொடர்ந்தது. சென்னைக்காரருக்கு எண்ணூறின் கடைசி ஆண்டு 2010. விருதுநகர்க்காரருக்கு அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் அது புதுக் கார். நகரத்து ஆர்வலர் எண்ணூறை நினைவுப் பொருளாகப் பேசும்போது மாவட்டத்தார் அதை உழைக்கும் வண்டியாகப் பேசுவதற்கு இந்த இடைவெளியே முதற்காரணம் என்று கருத இடமுண்டு. சிறந்த தலைமுறை எது என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர் எந்த ஊரில், எந்த ஆண்டில் வண்டி வாங்கினார் என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் அந்தப் பதிலை எடைபோட முடியாது.

பிற்காலம்

உற்பத்தி 2014 ஜனவரி 18 அன்று நின்றது. கடைசி வண்டி மேகாலயாவின் ஷில்லாங்குக்குப் போனதாகப் பதிவு. 2012-இல் வந்த ஆல்டோ 800 அந்த எண்ணை 2023 வரை சுமந்தது.

15 ஆண்டு முடிந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பரவியபின், கார்புரேட்டர் வண்டியின் ரப்பர் பாகங்கள் தாங்குமா என்ற கேள்வி விவாதத்தில் சேர்ந்திருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் பெரிதும் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவு செய்ய 2021-இல் வந்த விதி வகை செய்கிறது. அதன்படி முதல் எஸ்எஸ்80 வண்டிகள் 2033 டிசம்பரிலும், எஸ்பி308 வண்டிகள் 2036 முதலும், ஐந்து கியர் வண்டிகள் 2050 முதலும் அத்தகுதியைப் பெறும்.