இரண்டாவது மெஷின்: தேவைக்கும் உபரிக்கும் நடுவே சில குறிப்புகள்

1

தையல் பழகிய பெண்ணுக்கு ஒரு மெஷினோடு மனசு நிற்பதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. கூடத்தில் கால்மிதி மெஷின் ஒன்று. ஜன்னலோரம் மோட்டார் வைத்தது இன்னொன்று. அம்மா வழியில் வந்த கைமெஷின் மரப்பெட்டியோடு கட்டிலுக்கடியில். வீட்டு ஆண்களின் கேள்வியும் ஊரறிந்ததுதான்: 'ஒண்ணு இருக்கையில இன்னொண்ணு எதுக்கு?' கிண்டலாக ஒலிக்கும் இக்கேள்வி உண்மையில் ஒரு கணக்குக் கேட்பு. படிக்காத புத்தகங்களை அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கும் நம்மையும் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் 'வாசிப்பு' என்ற கனமான சொல் நம் கைவசம் இருக்கிறது. அவளிடம் அப்படியொரு சொல் இல்லை. தேவை என்ற ஒற்றைச் சொல்லால்தான் அவள் தன் உடைமையை நியாயப்படுத்தியாக வேண்டும்.

பழந்தமிழில் 'தையல்' என்ற சொல்லே பெண்ணைக் குறித்தது; இன்று ஊசிவேலையையும் குறிக்கிறது. பெண்ணும் வேலையும் ஒரே சொல்லில் அடங்கிய மொழியில், தையல் இயந்திரம் அவளுடைய உடைமையா அல்லது அவள்மீது வைக்கப்பட்ட கடமையா என்ற கேள்வி சாதாரணமானதல்ல.

2

இந்த இயந்திரம் சமாதானமாக வந்து சேரவில்லை. 1831இல் பாரிஸ் தையல்காரர்கள் திமோனியேயின் பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். 1846இல் எலியாஸ் ஹோவும் 1851இல் ஐசக் சிங்கரும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். சிங்கர் கம்பெனியின் உண்மையான கண்டுபிடிப்பு ஊசியிலோ ஷட்டிலிலோ இல்லை. 1856 வாக்கில் அது புகுத்திய தவணை முறையில் இருக்கிறது. கூடவே இன்னொன்றையும் செய்தார்கள். பழைய மெஷினைக் கொடுத்தால் புதியதன் விலையில் தள்ளுபடி. திரும்பி வந்த பழசுகளை உடைத்துப் போட்டார்கள். பழைய மெஷின் சந்தையில் உயிரோடு இருந்தால் புதியது விற்காது அல்லவா? பழசையும் வைத்துக்கொண்டு புதுசையும் வாங்குகிற பெண்ணை முதலாளியம் முழுமனதோடு விரும்பியதில்லை என்பதை இங்கே குறித்துக் கொள்ளலாம்.

1867இல் வெளியான 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ், ஆடைத்தொழிலைத் தலைகீழாக மாற்றிய தீர்மானகரமான இயந்திரம் இதுவே என்றார். அது ஆலைக்குள் மட்டுமல்லாமல் சிறு பட்டறைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் புகுந்து உழைப்பை உறிஞ்சியதையும் காட்டினார். 57 வருஷம் கழித்துக் காந்தி வேறொன்றைச் சொன்னார். 1924இல் ராமச்சந்திரனுடன் நடந்த உரையாடலில், இயந்திர எதிர்ப்பிலிருந்து அவர் விலக்களித்தது சிங்கர் தையல் இயந்திரத்துக்கு. காரணம், மனைவி கையால் தைத்துச் சோர்வதைக் காணப் பொறுக்காத கணவனின் அன்பில் பிறந்த இயந்திரம் அது என்பது. அவற்றைச் செய்யும் ஆலைகள் அரசுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

வரலாற்றில் அந்தக் கணவனைத் தேடினால் கிடைப்பவர் வேறு ஆள். சிங்கர் ஒரே நேரத்தில் பல பெண்களோடு பல குடும்பங்கள் நடத்தியவர். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் வைத்திருந்தவர் அன்பான கணவராக நினைவில் நிற்கிறார். ஒன்றுக்கு மேற்பட்ட மெஷின் வைத்திருப்பவள் ஊதாரி ஆகிவிடுகிறாள்! காந்தியின் கதையில் நாம் கவனிக்க வேண்டியது அதிலுள்ள தகவல் பிழையை அல்ல, அதன் கட்டமைப்பை. இயந்திரம் பெண்ணிடம் வர ஓர் ஆணின் இரக்கம் சாக்காக வேண்டியிருக்கிறது.

3

தமிழ்நாட்டில் இந்தச் சாக்கு பல வேஷம் போட்டது. தைத்த துணி இங்கே அப்பாவிப் பொருளல்ல. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல்தான் அரசு ஆணையைப் பெற்றார்கள். அதிலும்கூட மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியும் நூலும் அங்கே மிஷன் வீட்டுத் தையல் வகுப்பின் வழியாகப் பெண்கள் கைக்கு வந்தன. ஒழுக்கமும் சுறுசுறுப்பும் கூடவே கற்றுத் தரப்பட்டன. கடைத்திண்ணையில் மெஷின் போட்டு உட்கார்ந்த 'டெய்லர்' ஆணாகவும், அவரிடம் காஜா எடுக்கும் பையன் கூலிச் சிறுவனாகவும் இருக்க, வீட்டு மெஷினில் உட்கார்ந்த பெண்ணின் உழைப்பு வேலை என்று கணக்கில் ஏறாமலே போனது.

1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் உஷா மெஷினைக் கொண்டுவந்தது. இங்கே பரவலாக விற்ற மெரிட் என்ற பெயர்கூட ஐசக் மெரிட் சிங்கரின் நடுப்பெயர்தான். சீர்வரிசையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் பக்கத்தில் மெஷினும் ஏறியது. பிறகு அரசு வந்தது. தாழ்த்தப்பட்டோர் இயக்கத்திலிருந்து வந்து அமைச்சரான சத்தியவாணி முத்துவின் பெயரால் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் நடக்கிறது. விதவை, கைவிடப்பட்டவர், ஆதரவற்றவர், உடல் ஊனமுற்றவர் என்று பயனாளிகளின் பட்டியல் நீள்கிறது. 2009க்குப் பிறகு ஈழத்து வடகிழக்கில், போரில் கணவனை இழந்த பெண்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் கொடுத்த உதவிகளிலும் தையல் மெஷின் தவறாமல் இருந்தது. இரண்டு இடத்திலும், இல்லாமல் போன ஆணின் இடத்தில் இரும்பு இயந்திரம் ஒன்று நிறுத்தப்படுகிறது.

இந்தத் திட்டங்களை நாம் ஏளனம் செய்யவில்லை. அந்த ஒரு மெஷினால் அடுப்பெரிந்த வீடுகள் ஏராளம். ஆனால் அதைப் பெறத் தன் இழப்புக்குச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. இரண்டாவது மெஷினுக்கு எந்தத் தாசில்தாரும் சான்றிதழ் தர முடியாது.

4

இதை நெய்வேலியில் வைத்து யோசிக்கலாம். 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. மறுவருஷம் மின்சாரம் வந்தது. சுரங்கத்துக்கும் நகரியத்துக்கும் இடம்கொடுத்துப் பெயர்ந்த கிராமங்களில் பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருந்தது. மூதாதையர் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழக அரசு 1989இல்தான் தந்தது. ஆக, நிலம் போனபோது அவளுக்கு இழப்பீடு பெறுமளவுக்குக்கூட எதுவும் சொந்தமாக இருக்கவில்லை.

நகரியத்துக்குள் வேறொரு கதை. வட்டம் வட்டமாக, நேர்கோட்டுத் தெருக்களில் குவார்ட்டர்ஸ். வீட்டின் அளவைப் பதவி தீர்மானிக்கும். வேலை யார் பேரில் இருக்கிறதோ வீடும் அவர் பேரில். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். சுவரில் ஆணி அடித்தாலும் அது கம்பெனிச் சுவர். இப்படிப்பட்ட வீட்டில் 'என்னோடது' என்று ஒரு பெண் கைகாட்டக் கூடியது, லாரியில் ஏற்றிக் கொண்டுபோகக் கூடிய பொருள் மட்டுமே. நிறுவனம் பிறந்த அதே 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், இந்துப் பெண்ணின் சொத்து, அசையும் பொருளானாலும், அவளுக்கே முழு உரிமை என்றது. நகை அடகுக்குப் போகும். பையன் படிப்புக்குப் போகும். மெஷின் அவ்வளவு சீக்கிரம் போகாது. பக்கத்து வீட்டு ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துச் சேர்த்த சில்லறையில் இரண்டாவது மெஷின் வாங்கினால், அந்தப் பணத்துக்கு யாருடைய சம்பளச் சீட்டும் சாட்சி இல்லை.

5

தொழில்முறையிலும் காரணம் உண்டு. சாதா மெஷின் மேல்நூலையும் பாபின் நூலையும் பூட்டி நேர்த்தையல் போடும். துணியின் ஓரத்தை வெட்டிச் சுற்றிக் கட்டும் ஓவர்லாக் வேலை அதற்கு வராது. அது 1881இல் அமெரிக்காவின் மெர்ரோ கம்பெனி உருவாக்கிய வேறு இனம். மெல்லிசான ரூபியாத் துணிக்கு வைத்த டென்ஷனைக் கட்டைப் பைக்காக மாற்றினால் மறுபடி ஜாக்கெட்டுக்குத் திருப்பி வைக்க அரைமணி போகும். தவிர, பழசு சாகவும் மாட்டேன் என்கிறது. சிங்கரின் 15ஆம் வகுப்பு மெஷினுக்கான ஊசி அளவுதான் இன்றும் பெரும்பாலான வீட்டு மெஷின்களில் ஓடுகிறது. எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றினால் பாட்டி மெஷின் பேத்திக்கு உழைக்கும். 2012இல் தமிழகமெங்கும் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது மோட்டார் மெஷின் தூங்கியது, கால்மிதி ஓடியது.

இந்தக் காரணங்களை அடுக்கும்போதே நாமும் தேவையின் மொழிக்குள் விழுந்துவிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாவதாகக் கட்டிலுக்கடியில் இருக்கும் கைமெஷினுக்கு எந்தக் காரணமும் இல்லை. அதன் கறுப்பும், பொன்வண்ணப் பூவேலையும், சக்கரத்தைச் சுற்றும்போது வரும் சத்தமும் அவளுக்குப் பிடித்திருக்கின்றன. அவ்வளவுதான்.

இதைப் பண்டமோகம் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் மார்க்ஸ் பேசிய பண்டமோகம், பொருளுக்குள் இருக்கும் உழைப்பு கண்ணுக்கு மறைவதைப் பற்றியது. இங்கே பொருளின்மேல் பிரியம் வைத்திருப்பவள் அதில் உழைத்தவளே. அதே சமயம், எல்லா இரண்டாவது மெஷினும் பிரியத்தில் வந்ததல்ல. திருப்பூரில் பவர் டேபிள் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு, 'சிங்கர்' என்பது ஒரு வேலைப்பிரிவின் பெயர். ஓவர்லாக், பேட்லாக் மற்றவை. பீஸ் ரேட்டுக்காகக் கடன் வாங்கி வீட்டில் போட்ட ஓவர்லாக் மெஷின், ஆலை தன் செலவை அவள் தலையில் கட்டியதன் அடையாளம். மெஷின் எத்தனை என்ற எண்ணிக்கை நமக்கு எதையும் சொல்லாது. அதை நிறுத்தி வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். தைக்காமல் சும்மா வைத்திருக்க முடிந்த மெஷின்தான் அவளுடையது.

நம் இயக்கங்கள் இதுவரை பெண்ணுக்குக் கூலி கேட்டன, நிலம் கேட்டன, சரியாகத்தான் கேட்டன. உபரியைக் கேட்கவில்லை. 2023இல் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. எவ்வளவு நிலக்கரி தேவை, எவ்வளவு மின்சாரம் தேவை என்று அரசும் நிறுவனமும் கணக்குச் சொல்லும்போது நாம் எதிர்க்கேள்வி கேட்கிறோம். வீட்டுக்குள் அதே தேவைக் கணக்கை அவளிடம் நீட்டுவது மட்டும் எப்படி நியாயமாகும்? 'இன்னொண்ணு எதுக்கு?' என்று கேட்பவனுக்கு அவள் பதில் சொல்லக் கடமைப்பட்டவளல்ல.