இசட்லிப்1ஜி: அந்த ‘ஜி’ எங்கிருந்து வந்தது?

டெபியனோ உபுண்டுவோ வைத்திருப்பவர்கள், கணினியில் நிறுவியிருக்கும் பொதிகளின் பட்டியலை ஒருமுறை பாருங்க. ‘இசட்லிப்1ஜி’ என்று ஒன்று இருக்கும். இசட்லிப் என்பது தரவைச் சுருக்கும் நூலகம்; 1 அதன் இடைமுகத்தின் எண். சரி, அந்த ‘ஜி’?

அது 1998-இன் எச்சம். அந்த ஜூலையில் வந்த டெபியன் 2.0-வில்தான் அடிப்படை சி நூலகம் லிப்சி5-லிருந்து லிப்சி6-க்கு, அதாவது ஜிலிப்சிக்கு, மாறியது. பழைய நிரல்கள் பழைய நூலகத்தோடுதான் ஓடும். எல்லாத்தையும் ஒரே நாளில் மாற்றவும் முடியாது. பொதி மேலாளருக்கோ தெரிந்த விதி ஒண்ணுதான்: பெயர் அதுவே, பதிப்பெண் பெரிசு என்றால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வை. இரண்டும் சேர்ந்து வாழணும்னா பெயரே வேறாகணும். அதனால் புதிய லிப்சிக்காகத் தொகுத்த நூலகங்களின் வாலில் ஒரு ‘ஜி’ ஒட்டினார்கள். லிப்சி5 போய் எவ்வளவோ காலமாச்சு, ‘ஜி’ மட்டும் நிற்கிறது.

ஆக, பெயரில் இருக்கும் எண்ணும் பதிப்பெண்ணும் ஒன்றல்ல. உபுண்டு 24.04-இல் ஜிலிப்சியின் பதிப்பு 2.39; பொதியின் பெயர் இன்னும் லிப்சி6 தான். பழைய நிரலை உடைக்காதவரை பெயரைத் தொட வேண்டியதில்லை.

உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பைத்தான் சாட்சி. 2008 டிசம்பரில் வந்த 3.0, பழைய நிரல்களோடு ஒத்துப்போகவில்லை. ஆர்ச் லினக்ஸ் 2010-லேயே ‘பைத்தான்’ என்ற பெயரை 3-க்குக் கொடுத்துவிட்டது. டெபியன் அந்தப் பெயரை 2-க்கே விட்டு, புதியதைப் ‘பைத்தான்3’ என்றது. மெதுவான வழிதான், ஆனா அதுவே சரின்னு நினைக்கிறேன்: யாரோ எப்போதோ எழுதிவைத்த நிரல், சொல்லாமல் கொள்ளாமல் வேறு மொழியில் ஓடத் தொடங்கக்கூடாது. 2020-இல் உபுண்டு 20.04 வந்தபோது வெறும் ‘பைத்தான்’ பொதி இல்லை. பதிலுக்குப் ‘பைத்தான்-இஸ்-பைத்தான்3’ என்றொரு பொதி! பெயரா வாக்குமூலமா தெரியல.

பெயர் வைக்கும் இதே சிக்கல் விதைக்கும் உண்டு. எங்கள் பக்கம், அமிர்திக்கு மேலே ஜவ்வாது மலையில் விளைவது சாமை. வேளாண் பல்கலைக்கழக ரகங்களில் ஒன்று கோ (சாமை) 4. ‘கோ’ என்றால் கோயம்புத்தூர். ஒவ்வொரு பயிருக்கும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். நெல்லிலும் ‘கோ’ வரிசை உண்டு. அதனால்தான் நடுவில் பயிரின் பெயர். திருவண்ணாமலை பக்கத்து அத்தியந்தல் மையம் வெளியிட்ட ரகமோ ஏ.டி.எல். 1. ஊர் மாறியதால் எண் மறுபடி ஒன்று. 4-ஐ விட 1 பழசு என்று நினைத்துவிடாதீங்க, இது அதற்குப் பின்னால் வந்தது. இங்கே எண் வரிசையைச் சொல்லுமே தவிர, எதை எடுத்துவிட்டு எதை விதைப்பது என்று சொல்லாது. அதை முடிவு செய்வது விதை வைத்திருப்பவர்.

விதையிலும் ஒரு ‘ஜி’ இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் வெளியான புகழ்பெற்ற நெல், ஜி.இ.பி. 24. விரித்தால் ‘கவர்ன்மெண்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட்’. வெள்ளைக்காரன் காலத்துப் பதவி ஒன்றின் பெயர். நெல்லுக்கும் அந்தப் பதவிக்கும் வேறு சம்பந்தம் கிடையாது, அந்த நாற்காலியில் இருந்தவர் தேர்ந்தெடுத்தார் என்பதைத் தவிர.