சிங்கி இறால் வால்

சிங்கி இறால் வால் என்பது சிங்கி இறாலின் தலை நீக்கப்பட்ட பின்னுடலையும் அதனுள் அமைந்த சதையையும் குறிக்கும். கல் இறால் வால் என்றும் இது வழங்கும். வால் என்று சொல்லப்பட்டாலும் உயிரியல் நோக்கில் இது அவ்விலங்கின் வயிற்றுப் பகுதியே ஆகும். ஆறு கணுக்களும் முடிவில் விசிறி போன்ற துடுப்பும் கொண்டது. ஆபத்து நேரும்போது சிங்கி இறால் இப்பகுதியை வேகமாக மடக்கிப் பின்னோக்கிப் பாய்கிறது. அப்பாய்ச்சலுக்குரிய தசையே உணவாகும் வெண்ணிறச் சதை.

வகைகள்

வட அத்திலாந்திக் பெருங்கடலில் வாழும் அமெரிக்க, ஐரோப்பிய இனங்களுக்குப் பெரிய கொடுக்குகள் உண்டு. கொடுக்குச் சதையும் விரும்பி உண்ணப்படுகிறது. இந்தியா, இலங்கை, ஆத்திரேலியா, தென்னாப்பிரிக்கா, கரிபியன் கடற்பகுதிகளில் பிடிபடும் முள் சிங்கி இறால்களுக்குக் கொடுக்குகள் இல்லை; முட்கள் நிறைந்த நீண்ட உணர்கொம்புகளே உள்ளன. இவற்றின் சதை பெரும்பாலும் வாலிலேயே இருப்பதால், உறைந்த வாலாக விற்கப்படுபவற்றில் இவை மிகுதி.

தலை நீக்கமும் அளவுக் கட்டுப்பாடும்

தலைப்பகுதியில் செரிமானச் சுரப்பி உள்ளது. சிங்கி இறால் இறந்தவுடன் அச்சுரப்பியின் நொதிகள் கசிந்து சதையைச் சிதைக்கத் தொடங்குகின்றன. சதை கூழ் போலாகிவிடும். ஆகவே சிங்கி இறாலை உயிருடன் விற்பர். இயலாதபோது தலையை விரைந்து நீக்கி உறைய வைப்பர்.

இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. பிடிக்கத்தக்க சிங்கி இறாலின் குறைந்தபட்ச அளவு பல நாடுகளில் தலையோட்டின் நீளத்தைக் கொண்டே குறிக்கப்படுகிறது. தலை நீங்கினால் அளக்க வேண்டிய பகுதியே இல்லாமற் போகிறது. முட்டைகளையும் பெண் இறால் வாலின் அடியிலுள்ள நீந்துகால்களில் சுமக்கிறது. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டால் முட்டையிட்ட இறால் என்பது எளிதில் தெரியாது. அமெரிக்காவின் மேய்ன் மாநில மீனவர்கள் முட்டையுடன் கிடைக்கும் இறாலின் வால் துடுப்பில் 'வி' வடிவில் வெட்டி அடையாளமிட்டுக் கடலில் விடுகின்றனர். பின்னர் அது முட்டையின்றி அகப்பட்டாலும் பிடிக்கக் கூடாது.

இந்தியா 2003 ஆம் ஆண்டில் ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச எடையை இனவாரியாக விதித்தது. தமிழ்நாட்டின் தென்கரையில் அகப்படும் பானுலிரசு ஓமாரசு இனத்துக்கு முழு இறால் 200 கிராமும் வால் 50 கிராமும், பானுலிரசு பாலிஃபேகசு இனத்துக்கு 300, 90 கிராமும், பானுலிரசு ஓர்னேட்டசு இனத்துக்கு 500, 150 கிராமும் என அது அமைந்தது. 50 கிராம் வால் ஓட்டுடன் சேர்ந்த எடை. சதை ஒரு கவளமே தேறும். இத்தகைய கட்டுப்பாடு இல்லாத காலத்தில் மும்பைக் கடலின் தட்டையான மணல் சிங்கி இழுவை வலைகளால் மிகையாகப் பிடிக்கப்பட்டு, 1990களில் அம்மீன்பிடிப்பு வீழ்ச்சியுற்றது.

வாங்குதல்

உயிருள்ள இறாலைத் தூக்கினால் வாலை அடியில் மடக்கிக்கொள்ளும். வால் தளர்ந்து தொங்குவதை வாங்கலாகாது. உறைந்த வாலில் சதை வெள்ளையாகவோ சற்று ஒளி ஊடுருவும் தன்மையுடனோ இருக்க வேண்டும். வெட்டுவாயில் கருமை, அம்மோனியா நெடி, உலர்ந்த வெண்திட்டுகள் ஆகியவை பழமைக்கு அறிகுறிகள். உலராதிருக்க இடப்படும் பனிப்பூச்சும் எடையில் சேரக்கூடும் என்பதால், பனி நீங்கிய நிகர எடையைக் கேட்டு வாங்குவது நல்லது.

சமைத்தல்

உறைந்த வாலைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரவு வைத்து உருகவிட வேண்டும். உறைந்தபடியே வேகவைத்தால் வெளிப்புறம் இறுகி உட்புறம் வேகாதிருக்கும். மேலோட்டைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டிக் குடலை நீக்குவர். வேகும்போது வால் சுருளும். நேராக இருக்க வேண்டுமெனில் ஒரு மூங்கில் குச்சியை நெடுகச் செருகலாம். ஆவியில் அவித்தல், கொதிநீரில் வேகவைத்தல், தணலில் வாட்டுதல், மசாலா தடவி வறுத்தல் எல்லாம் பொருந்தும். 150 கிராம் வாலுக்குக் கொதிநீரில் ஏறத்தாழ 5 அல்லது 6 நிமிடம் போதும். நடுப்பகுதி 63 பாகை செல்சியசு அடைந்து சதை முழுதும் வெண்மையானால் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் வெந்தால் இரப்பர் போலாகி, கொடுத்த விலை வீணாகும்.

ஓடு சிவப்பாவதை மட்டும் கொண்டு வெந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. ஓட்டிலுள்ள அசுட்டாசாந்தின் என்னும் செந்நிறமி புரதத்துடன் பிணைந்திருக்கும் வரை கருநீலமாகவோ பச்சையாகவோ தோன்றும். வெப்பத்தால் புரதம் சிதைந்ததும் சிவப்பு வெளிப்படும். உள்ளே சதை வேகும் முன்பே இது நிகழ்ந்துவிடும்.

உண்ணுதல்

மேலை நாடுகளில் உருக்கிய வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் தொட்டு உண்பர். சதையின் இயல்பான இனிப்பு மறையாதிருக்க மசாலாவைக் குறைவாக இடுவதே சிறப்பு. வெட்டிய ஓடுகளை வீசாமல் நீரில் கொதிக்கவைத்தால் சாற்றுக்கும் குழம்புக்கும் நல்ல அடிநீர் கிடைக்கும். இறால், நண்டு ஒவ்வாதவர்கள் இதையும் தவிர்க்க வேண்டும். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமான துரோப்போமயோசின் என்னும் தசைப்புரதம் இவை அனைத்திலும் உண்டு. வேகவைப்பதால் அது அழிவதில்லை.